எலும்பு சேர ஒரு குப்பி மருந்து போதுமா?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், புறநோயாளிகள் பிரிவில் ஒரு பெண் என் மேசைமீது ஜவுளிக்கடைப் பை ஒன்றை வைத்தார். அது நிறைய அவருடைய கணவரின் எக்ஸ்ரே படங்கள். நான் படங்களை எடுப்பதற்குள்ளாகவே அவர் கேட்டுவிட்டார்: "எலும்பு வளர்ற மருந்து ஒண்ணு இருக்காம். அதைப் போட்டா சேர்ந்துடும்னு சொல்றாங்க சார். நகையை வச்சாத்தான் முடியும். வைக்கட்டுமா?"

கணவர் சரக்கு வாகன ஓட்டுநர். நெடுஞ்சாலை விபத்தொன்றில் முழங்காலுக்குக் கீழுள்ள டிபியா எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. காயத்தைச் சுத்தம் செய்து எலும்பினுள் ராடு செலுத்தியிருந்தார்கள். அதன் பிறகு 11 மாதங்கள் கடந்தும் படத்தில் முறிவின் கோடு அப்படியே இருந்தது. "எலும்பு ஒட்டு வைக்க வேண்டும், அத்துடன் வளர்ச்சிக் காரணி என்ற மருந்தையும் சேர்த்து வைத்தால் நிச்சயம் கூடிவிடும்" என்று வேறோர் இடத்தில் கூறியிருக்கிறார்கள். அந்த மருந்தின் விலை அக்குடும்பத்தின் பல மாத வருமானம்.

எலும்பு மருத்துவத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கும் எனக்கு, இந்தக் கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் விடையளிக்க இயலவில்லை. அன்று அவர்களிடம் அரை மணி நேரம் பேசினேன். அப்போது சொன்னவற்றையும், நேரமின்மையால் சொல்லாமல் விட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியுடன் இன்று பல குடும்பங்கள் மருத்துவமனை வாசலில் நிற்கின்றன.

உடலின் பெரும்பாலான உறுப்புகள் காயமுற்றால் தழும்பாகவே ஆறுகின்றன. எலும்பு அப்படியன்று. முறிந்த இடத்தில் மீண்டும் எலும்பே உருவாகிறது. முறிவில் கசியும் ரத்தம் உறைந்ததும், அதிலுள்ள தட்டணுக்கள் தம்முள் சேமித்து வைத்திருக்கும் சில புரதங்களை வெளியிடுகின்றன. அவற்றுள் சில, சுற்றிலுமுள்ள செல்களை முறிவிடத்துக்கு அழைக்கின்றன. சில அச்செல்களைப் பெருகச் செய்கின்றன. வேறு சில புதிய ரத்தக் குழாய்களை முளைக்கச் செய்கின்றன. எலும்பின் உள்ளிருந்தே வெளிப்படும் இன்னொரு வகைப் புரதமோ, இன்னதாவோம் என்று முடிவு செய்யாத இளம் செல்களிடம் 'எலும்புச் செல்லாக மாறு' என்று கட்டளையிடுகிறது. இவை அனைத்தையும் சேர்த்துத்தான் வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம். இவை எலும்பைக் கட்டும் செங்கல்லோ சிமெண்டோ அல்ல. கொத்தனாருக்குச் செல்லும் செய்தி மட்டுமே. கேட்பதற்கு அங்கே உயிருள்ள செல் இருந்தால்தான் அச்செய்திக்குப் பயனுண்டு.

பெரும்பாலான முறிவுகள் இவ்வாறு தாமாகவே கூடிவிடுகின்றன. எலும்பின் ஒரு துண்டே இழக்கப்பட்டாலோ, ரத்த ஓட்டம் குன்றினாலோ, கிருமி குடியேறினாலோ கூடாமல் நின்றுவிடுகின்றன. அப்போது நாங்கள் செய்வது எலும்பு ஒட்டு. நோயாளியின் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து பஞ்சு போன்ற எலும்பைச் சுரண்டியெடுத்து முறிவிடத்தில் நிரப்புகிறோம். அதில் புதிய எலும்பு படர்வதற்கான சாரமும் உண்டு, உயிருள்ள செல்களும் உண்டு, இயற்கையான அளவில் வளர்ச்சிக் காரணிகளும் உண்டு. மூன்றும் ஒருசேர அமைந்த வேறு பொருள் இன்றளவும் கடையில் கிடைப்பதில்லை.

குறையும் இல்லாமல் இல்லை. எடுத்த இடம் வலிக்கும். கால் சரியாகிவிட்டது, இடுப்புதான் குத்துகிறது என்று சொல்லும் நோயாளிகளை எல்லா எலும்பு மருத்துவர்களும் பார்த்திருப்போம். எடுக்கக்கூடிய அளவுக்கும் எல்லையுண்டு. இடுப்பைத் தொடாமலே இதைச் செய்துவிட முடியாதா என்ற ஏக்கத்திலிருந்துதான் வளர்ச்சிக் காரணிகளின் வரலாறு தொடங்குகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பணியாற்றிய மார்ஷல் யூரிஸ்ட் என்ற அறுவை மருத்துவர் 1965-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார். எலும்புத் துண்டுகளை அமிலத்தில் ஊறவைத்து அவற்றிலிருந்த சுண்ணாம்புச் சத்தை நீக்கிவிட்டு, எஞ்சியதை முயல் முதலிய விலங்குகளின் தசைக்குள் வைத்தார். சில வாரங்களில், எலும்பே இருக்கக் கூடாத அத்தசையினுள் புதிய எலும்பு உருவாகியிருந்தது. வைத்த பொருள் உயிரற்றது. ஆயினும் அதற்குள் ஏதோவொரு கட்டளை உயிரோடு இருந்திருக்கிறது. அக்கட்டளைக்கு 1971-இல் எலும்பு உருவாக்கப் புரதம் என்று பெயரிட்டார். ஆங்கில முதலெழுத்துகளால் பி.எம்.பி. என்பது இதுவே.

பெயர் வைத்துவிட்டாரே தவிர, அப்புரதத்தைத் தனியே பிரித்தெடுப்பது எளிதாயிருக்கவில்லை. எலும்பின் கொலாஜனோடு அது இறுகப் பிணைந்திருந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்ற ஹரி ரெட்டியும், அவரோடு பணியாற்றிய குபேர் சம்பத்தும் 1981-இல் ஒரு வழி கண்டனர். கரைசல்களின் துணையால் புரதத்தையும் கொலாஜனையும் பிரித்தார்கள். தனித்தனியே வைத்தபோது எலும்பு உருவாகவில்லை. மீண்டும் சேர்த்து வைத்தபோது உருவாயிற்று. கட்டளை மட்டும் போதாது, அதைத் தாங்கி நிற்கும் சாரமும் வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. இன்று குப்பியை மட்டும் விளம்பரப்படுத்துவோர் இந்தப் பழைய பாடத்தை மறந்துவிடுகின்றனர் என்பது என் எண்ணம். 1988-இல் ஜான் வோஸ்னியின் குழு இப்புரதங்களுக்கான மரபணுக்களைக் கண்டறிந்து படியெடுத்தது. பல கிலோ மாட்டெலும்பிலிருந்து மைக்ரோகிராம் அளவில் மட்டுமே கிடைத்துவந்த புரதத்தை, வெள்ளெலியின் செல்களில் மரபணுவைப் புகுத்தி வேண்டிய அளவு தயாரிக்கும் வழி அதனால் பிறந்தது.

மருத்துவமனைக்கு வந்தபோது அதன் தொடக்கம் நம்பிக்கையளித்தது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், கூடாத டிபியா முறிவுடைய 122 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு பி.எம்.பி.-7 புரதமும், மற்றவர்களுக்கு அவர்களுடைய இடுப்பெலும்பும் வைக்கப்பட்டன. ஒன்பது மாதங்களில் முதல் பிரிவில் 81 சதவீதமும், இரண்டாம் பிரிவில் 85 சதவீதமும் வெற்றி. இடுப்பெலும்பைவிட மேலானதன்று, ஆனால் ஏறத்தாழ நிகரானது, இடுப்பு வலியும் இல்லை. அடுத்த ஆண்டே பி.எம்.பி.-2 புரதத்தைத் தோல் கிழிந்த டிபியா முறிவுகள் 450-இல் சோதித்த பன்னாட்டு ஆய்வு வெளிவந்தது. கொலாஜன் பஞ்சில் நனைத்து உயர்ந்த அளவில் வைக்கப்பட்டவர்களுக்கு, மீண்டும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய அபாயம் 44 சதவீதம் குறைந்தது. 2004-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய முறிவுகளுக்கு அதை அனுமதித்தது.

இந்த 44 சதவீதம் பல மேடைகளில் ஒலித்தது. 2011-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு அவ்வளவாக ஒலிக்கவில்லை. அதில் 277 நோயாளிகளுக்கும், எலும்பின் உட்குழியைக் கடைந்து அகலப்படுத்திய பின்னரே ராடு செலுத்தப்பட்டது. அம்முறையில், பி.எம்.பி.-2 சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் எலும்பு கூடும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கடையும்போது உதிரும் எலும்புத் துகள்கள் முறிவிடத்தில் தங்கிச் சிறியதோர் ஒட்டாகவே பணிசெய்கின்றன. நல்ல கைத்திறனால் கிடைப்பதற்கு மேல் மருந்து அதிகம் எதையும் கூட்டவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். பி.எம்.பி.-7 பின்னாளில் சந்தையிலிருந்தே விலகிவிட்டது.

கால் எலும்பைவிட முதுகெலும்பில்தான் இம்மருந்தின் பெரிய வணிகம் நடந்தது. இடுப்பு முதுகெலும்பில், முன்புறமாகச் செய்யும் ஒரு குறிப்பிட்ட இணைப்பு அறுவை சிகிச்சைக்கு 2002-இல் பி.எம்.பி.-2 அனுமதி பெற்றது. அனுமதி அந்த ஒன்றுக்குத்தான். ஆயினும் சில ஆண்டுகளிலேயே கழுத்திலும் பின்புற அறுவை சிகிச்சைகளிலும் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

அளவைப் பற்றி இங்கே கூற வேண்டும். நம் உடல் இப்புரதத்தை நானோகிராம் கணக்கில் சுரக்கிறது. மருந்தாக வைப்பதோ மில்லிகிராம் கணக்கில். அதாவது பல லட்சம் மடங்கு. காதருகே மெல்லச் சொல்ல வேண்டிய செய்தியை ஊரெல்லாம் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வது போன்றது இது. தேவையான செல்லுக்கு மட்டுமன்றித் தேவையற்ற செல்லுக்கும் அது கேட்கும். எலும்பைக் கட்டும் செல்கள் மட்டுமன்றி, எலும்பைக் கரைக்கும் செல்களும் விழித்துக்கொள்ளும். அதனால் வைத்த ஒட்டே கரைந்து தளர்வதுண்டு. நரம்பை ஒட்டி வேண்டாத எலும்பு வளர்வதுண்டு. சுற்றியுள்ள மென்திசுக்கள் கடுமையாக வீங்குவதுண்டு.

வீக்கம் கழுத்தில் ஏற்பட்டால் என்னவாகும்? 2008 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. முந்தைய நான்கு ஆண்டுகளில் கழுத்து முதுகெலும்பில் இப்புரதத்தைப் பயன்படுத்தியதால் ஏற்பட்ட சிக்கல்கள் குறித்துக் குறைந்தது 38 அறிக்கைகள் வந்திருப்பதாக அது கூறியது. மூச்சுக்குழாய் நெரிபட்டு உயிருக்கே ஆபத்தான நிலையும் அவற்றில் அடக்கம். அறுவை முடிந்து இரண்டாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை, நோயாளி வீடு திரும்பிய பின்னரும்கூட இது நிகழக்கூடும்.

அதன் பின்னரே பழைய ஆய்வுக் கட்டுரைகளை மீண்டும் புரட்டினார்கள். நிறுவன ஆதரவுடன் வெளிவந்த 13 கட்டுரைகளில் 780 நோயாளிகளுக்கு இம்மருந்து வைக்கப்பட்டிருந்தது. மருந்தினால் நேர்ந்ததாகக் கூறப்பட்ட பக்கவிளைவு ஒன்றுகூட இல்லை. மருத்துவத்தில் 780 பேரில் ஒருவருக்கும் ஒன்றுமே ஆகவில்லை என்று யாரேனும் சொன்னால் ஐயம் கொள்ள வேண்டும். யூஜீன் கேரகி தலைமையிலான மருத்துவர்கள் 2011-இல் 'ஸ்பைன் ஜர்னல்' இதழில், உண்மையான பக்கவிளைவுகள் முதலில் மதிப்பிட்டதைவிட 10 முதல் 50 மடங்கு வரை இருக்கலாம் என்று எழுதினார்கள். ஆண்களின் இனப்பெருக்கத் திறனைப் பாதிக்கும் சிக்கலும் அதில் பேசப்பட்டது. மறு ஆண்டு அமெரிக்க செனட்டின் நிதிக் குழு, மருந்தை விற்ற மெட்ரானிக் நிறுவனத்தின் ஊழியர்கள் அக்கட்டுரைகளைத் திருத்தியதில் பங்கு கொண்டதாகவும், 1996 முதல் 2010 வரை கட்டுரையாசிரியர்களுக்குப் பல வகைகளில் ஏறத்தாழ 21 கோடி டாலர் சென்றதாகவும் அறிக்கை அளித்தது. நிறுவனம் அதை மறுத்தது. ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: தன்னிடமிருந்த நோயாளிகளின் தரவுகளை யேல் பல்கலைக்கழகத்திடம் மறு ஆய்வுக்குக் கொடுத்ததும் அதே நிறுவனம்தான். 2013-இல் இரண்டு தனித்த குழுக்கள் அத்தரவுகளை ஆராய்ந்தன. எலும்பு இணைவதில் இம்மருந்து இடுப்பெலும்புக்கு நிகர், அல்லது சற்று மேல். நோயாளி உணரும் வலியிலும் நடமாட்டத்திலும் பொருட்படுத்தத்தக்க நன்மை இல்லை. தீங்கு சற்றுக் கூடுதல். இவ்வளவுதான் கிடைத்த விடை.

வளர்ச்சிக் காரணி என்றாலே வெறும் வணிகம் என்று நான் சொல்ல வரவில்லை. கணுக்கால் மூட்டு இணைப்பில் தட்டணுக்களிலிருந்து அறியப்பட்ட வேறொரு காரணி, இடுப்பெலும்புக்கு இணையான பலனைத் தந்திருக்கிறது. 2015-இல் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது. ஈறு நோயால் பல்லைச் சுற்றிக் கரைந்த எலும்பைச் சீர்செய்ய அதே காரணியைப் பல் மருத்துவர்கள் அதற்கும் முன்பிருந்தே பயன்படுத்துகின்றனர். இடுப்பெலும்பை ஏற்கெனவே எடுத்துத் தீர்ந்துபோனவருக்கு பி.எம்.பி.-2 பயனுள்ள துணையாகலாம்.

நம் ஊர்களில் இதைவிட அதிகமாகக் காதில் விழும் பெயர் பி.ஆர்.பி. நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து ஒட்டோடு சேர்ப்பது. இதில் நானும் என் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1998-இல் ராபர்ட் மார்க்ஸ் என்ற மருத்துவர், தாடையெலும்பு ஒட்டு வைத்த 88 நோயாளிகளிடம் பி.ஆர்.பி. சேர்த்தபோது ஒட்டு விரைவாக முதிர்ந்ததாக எழுதியிருந்தார். அதைப் படித்த உற்சாகத்தில் சில ஆண்டுகள் நான் வைத்த ஒட்டுகள் பெரும்பாலானவற்றில் அதைச் சேர்த்தேன். கூடியவர்களைக் கண்டு மகிழ்ந்தேன். சேர்க்காமலே அவர்களுக்குக் கூடியிருக்குமா என்று ஒப்பிட்டுப் பார்க்கும்படி எந்தக் கணக்கையும் நான் வைத்திருக்கவில்லை. 2012-இல் காக்ரேன் அமைப்பு, கை கால்களின் நீள எலும்புகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பி.ஆர்.பி. பயனளிக்கிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. தட்டணுக்களிலுள்ள காரணிகள் செல்களை அழைக்கும், பெருக்கும். 'எலும்பாக மாறு' என்ற கட்டளை அவற்றில் மிகக் குறைவு. சொந்த ரத்தம் என்பதால் பெரிய தீங்கில்லை. ஆனால் அதற்கென்று நோயாளியிடம் தனிக் கட்டணம் பெற்றோமே என்ற உறுத்தல் எனக்கு இன்னும் உண்டு.

இனி அந்த ஓட்டுநரிடம் வருகிறேன். படங்களை விளக்கொளியில் வைத்துப் பார்த்தபோது ராடின் கீழ்முனைத் திருகாணி ஒன்று உடைந்திருந்தது. அதாவது, ஒவ்வோர் அடிக்கும் முறிவிடம் அசைந்துகொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனையில் அழற்சிக் குறியீடுகள் உயர்ந்திருந்தன. பழைய காயத்தின் ஓரத்தில் எப்போதாவது நீர் கசியும் என்று அவரே பிறகு சொன்னார். சர்க்கரையும் கட்டுக்குள் இல்லை. நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி. புகை, சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கி எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பது நன்கு அறிந்த செய்தி.

எலும்பு கூட நான்கு வேண்டும் என்று இங்கிலாந்தின் பீட்டர் கியானூடிஸ் போன்றோர் வகுத்திருக்கிறார்கள்: செல்கள், சாரம், கட்டளை தரும் காரணிகள், அசையாத பிடிப்பு. இவருக்குக் குறைவாயிருந்தது மூன்றாவது அன்று. பிடிப்பு இல்லை; கிருமியால் செல்களும் நலிந்திருந்தன. அதைவிட முக்கியமானது, கிருமித் தொற்று இருக்கும் இடத்தில் பி.எம்.பி.-2 வைக்கக் கூடாது என்பது அம்மருந்தின் பயன்பாட்டுக் குறிப்பிலேயே உள்ளது. புற்றுக்கட்டி இருந்த இடம், கர்ப்பிணிகள், வளர்ச்சி முடியாத சிறுவர்கள் ஆகியோருக்கும் அவ்வாறே. நகையை அடகு வைத்து அவர்கள் வாங்கவிருந்தது, அவருக்கு வைக்கவே கூடாத மருந்து.

அவருக்குச் செய்தது பிரான்ஸின் மாஸ்கலே 1980-களில் கண்ட முறை. ராடை அகற்றி, செத்த எலும்பை வெட்டியெடுத்து, அந்த இடைவெளியில் கிருமிக்கொல்லி கலந்த எலும்பு சிமெண்ட்டை நிரப்பி, வெளியிலிருந்து சட்டம் மாட்டினோம். சிமெண்ட்டைச் சுற்றி ஆறு முதல் எட்டு வாரங்களில் உடல் ஒரு மெல்லிய சவ்வை வளர்க்கிறது. அந்நியப் பொருளைச் சுற்றி உடல் எழுப்பும் வேலிதான் அது. ஆனால் அச்சவ்வே ரத்தக் குழாய்கள் நிறைந்து, பி.எம்.பி.-2 உள்ளிட்ட வளர்ச்சிக் காரணிகளைச் சுரப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அதை மெல்லத் திறந்து, சிமெண்ட்டை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பை நிரப்பி மூடிவிட வேண்டும். விலை கொடுத்து வாங்கவிருந்த கட்டளையை, வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் நோயாளியின் உடலே தருகிறது. இரண்டு அறுவை சிகிச்சை, நீண்ட காத்திருப்பு என்ற குறை உண்டு. எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை.

என் துறையினரிடம் ஒரு வேண்டுகோள். வளர்ச்சிக் காரணியைப் பரிந்துரைக்கும்போது, எதற்காக அது அனுமதிக்கப்பட்டது, இவருக்கு எதற்காக வைக்கிறோம், அது இல்லாமல் செய்தால் என்ன வேறுபாடு, விலை என்ன என்ற நான்கையும் ஒப்புதல் படிவத்தில் தமிழில் எழுதித் தர வேண்டும். வைத்தவர்களின் பதிவேட்டை ஒவ்வொரு மருத்துவமனையும் பேண வேண்டும். நான் வைத்திருந்தால் என் பி.ஆர்.பி. ஆண்டுகள் வீணாகியிருக்காது. குடும்பத்தினரும் கேட்கத் தயங்க வேண்டாம். ஏன் இதுவரை கூடவில்லை என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்காத இடத்தில் மருந்தின் பெயரைக் கேட்டுப் பயனில்லை.

அந்தப் பெண் அன்று நகையை அடகு வைக்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்து வந்தார். கணவர் பீடியை விட்டதாகச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து மனைவி, இப்போதுதான் விட்டிருக்கிறார் என்றார். ஒட்டு வைத்து ஏழு மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரப் படத்தில் எலும்பின் நான்கு புறங்களில் மூன்று கூடியிருக்கின்றன. நான்காவதில் மெல்லிய கோடு இன்னும் தெரிகிறது. ஊன்றுகோலை விடலாமா என்று கேட்டார். ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன்.